அப்பாவின் புல்லட், பல வண்டிகளின் பாகங்கள்

பழைய புல்லட்டுக்கு ஸ்பேர் கிடைக்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கிடைக்கும், தாராளமாகவே கிடைக்கும். கிடைத்ததில் எதை வண்டியில் போடலாம், எதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்று பார்க்கத் தெரிந்துகொள்வதற்குத்தான் எனக்கு நாள் பிடித்தது. அப்பாவுடைய 350 சி.சி. புல்லட்டை, ஓட்டம் முடிந்து கிடந்த வேறு பல புல்லட்டுகளின் பாகங்களைக் கொண்டு ஓடவைத்திருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதையும், அப்பாவும் நானும் எதற்கெல்லாம் மல்லுக்கு நின்றோம் என்பதையும் எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தவர். தடுப்பூசி மருந்து வைக்கும் ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, தார் பார்க்காத பாதைகளில் போய் வருவதுதான் வேலை. அந்தப் பெட்டி ஆடாமல் உட்காரவேண்டும் என்று பின் மட்கார்டுக்கு மேலே ஆங்கிள் இரும்பில் ஒரு ஸ்டாண்டு செய்து வெல்டு வைத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு வண்டி கொட்டகைக்குப் போனது. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷர். ஒருவருக்குக் கார்புரேட்டர், இன்னொருவருக்கு முன் சக்கரம், இன்னொருவருக்கு ஹெட்டும் வால்வுகளும் என்று கழற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் கையில் எடுத்தபோது சேசிஸ், இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸ், சிலிண்டர், கியர்பாக்ஸ், டேங்க், மட்கார்டுகள், பின் சக்கரம், டூல்பாக்ஸ், அப்புறம் அந்த ஸ்டாண்டு, பெரும்பாலும் இவைதான் மிச்சம். ஹெட் இல்லாமல் சிலிண்டர் வாயைத் திறந்துகொண்டு கிடந்ததில், பிஸ்டன் துருவோடு சிலிண்டரில் ஒட்டிப்போயிருந்தது.

இப்போது அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. ஸ்பேனர் பிடிக்க முடியாது. எந்த ஸ்பேனரைப் பிடிக்கவேண்டும், எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்ல முடியும். வேலை முழுக்க அப்படித்தான் நடந்தது.

இந்த வண்டியில் பழைய பாகங்களை நம்பி இறங்க முடிவதற்கு அதன் வரலாறு காரணம். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு, பின்னால் ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட்டை 1949-இல் கொண்டுவந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் வண்டி செய்ய ஆரம்பித்தார்கள். 1960-களின் இறுதியில் ரெடிச் ஆலை மூடப்பட்ட பிறகும் இங்கே அதே இன்ஜின் வந்துகொண்டிருந்தது. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி., வார்ப்பிரும்பு சிலிண்டர், அலுமினிய ஹெட். இந்த அடிப்படை 2000-ஐத் தாண்டியும் சில வருஷம் மாறவில்லை. அதனால் ஒரு தலைமுறை இடைவெளியில் வந்த இரண்டு வண்டிகளின் கிராங்க்கும் சிலிண்டரும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். இத்தனை நீண்ட காலம் ஒரே இன்ஜினாக நிலைத்த வண்டிகள் உலகத்திலேயே குறைவு.

ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குள் எல்லாத் தொந்தரவும் இருக்கிறது. முதல் தொந்தரவு மரை, அதாவது போல்ட்டிலும் நட்டிலும் சுற்றி வரும் திருகு இழை. புல்லட்டின் பழைய போல்ட்டுகள் ஆங்கிலேய மரையில் வந்தவை. பிறகு வந்த வண்டிகளில் சில இடங்களில் மெட்ரிக் மரை நுழைந்தது. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. ஆகவே 8 மி.மீ. மெட்ரிக் போல்ட்டை அந்தத் துளையில் வைத்தால் அழகாக ஒன்றிரண்டு சுற்று போகும். அப்புறம் இறுகும். இறுகுவதை "நல்ல டைட்" என்று நினைத்து ஸ்பேனர் போட்டால் அலுமினியத்துக்குள் இருக்கும் மரை முழுசாக வழித்துக்கொண்டு வந்துவிடும். ஆங்கிலேய மரையின் கோணம் பெரும்பாலும் 55 டிகிரி, மெட்ரிக்கின் கோணம் 60 டிகிரி. அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதும் வேறு. கழற்றிய வண்டியிலிருந்து ஒரு பாகம் வாங்கும்போது, அதைப் பிடித்திருந்த போல்ட், நட், வாஷரையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். மரை அளக்கும் கேஜ் சின்னதாக ஒன்று சட்டைப்பையில் இருப்பது நல்லது. மற்ற எந்தக் கருவியையும்விட அதைத்தான் நான் அதிகம் எடுத்திருக்கிறேன்.

முழு வண்டியையும் பிரித்துப் போட்டபோது, அப்பா ஓட்டிய காலத்தில் செய்த ரிப்பேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்த இடத்தில் டின் தகட்டை வெட்டிச் சுற்றியிருந்தார். கிளட்ச் லீவரில் சைக்கிள் நட்டு. மட்கார்டில் விரிசல் விட்ட இடத்துக்கு உள்பக்கமாகத் தகடு வைத்து ரிவிட் அடித்திருந்தார். ரிவிட்டுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி ஸ்கேல் வைத்து அளந்ததுபோல ஒரே சீராக இருந்தது. கியர்பாக்ஸுக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவில் அலுமினியத் துண்டு ஒன்று. இவற்றையெல்லாம் துடைத்து, ஒரு தட்டில் வரிசையாக வைத்தேன். ஒன்று விடாமல் வண்டியிலேயே திரும்பப் போடவேண்டும் என்பது என் எண்ணம். அவர் கை நடுங்காமல் இருந்தபோது செய்த வேலைகள் அவை.

அப்பா தட்டைப் பார்த்தார். "இதெல்லாம் எதுக்கும்மா தொடச்சு வச்சிருக்க?"

"நீங்க செஞ்சதுப்பா. அப்படியே போட்டுடலாம்."

"அந்த டின் தகட்ட அன்னைக்கு வேற வழியில்லாம சுத்துனேன். கோழிங்களுக்கு வெள்ளைக்கழிச்சல் பரவிட்டிருந்துச்சு, மருந்து கையில இருக்கு, ஐஸ் கரையறதுக்குள்ள போயாகணும். மறுநாள் புஷ்ஷ மாத்திடலாம்னு இருந்தேன். மாத்தல. அது நான் செஞ்ச வேலை இல்ல, செய்யாம விட்ட வேலை. தூக்கிப் போடு."

எனக்கு அது சட்டென்று ஏறவில்லை. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை என்றுகூடச் சொல்லலாம். யோசிக்க யோசிக்க அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது. நான் காப்பாற்ற நினைத்தது ஒரு நெருக்கடியின் தடயத்தை. அவருக்கு வேண்டியிருந்தது, அன்று அவர் செய்ய நினைத்து முடியாமல் போன வேலை முடிவது. அதன்பிறகு தட்டிலிருந்த ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு அவரிடமே கேட்டேன்: "இது யோசிச்சுச் செஞ்சதா, அவசரத்துல செஞ்சதா?" மட்கார்டு ரிவிட் யோசித்துச் செய்தது, இருக்கட்டும் என்றார். சைக்கிள் நட்டு அவசரம். கியர்பாக்ஸ் துண்டைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். அது செயின் லைன் நேராக வருவதற்காக அளந்து வைத்ததாம். "போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணு" என்றார். ஸ்ப்ராக்கெட்டுகளின் மேல் நேர்க்கட்டை வைத்துப் பார்த்தேன். துண்டோடுதான் நேராக இருந்தது. அது அப்படியே இருக்கிறது.

மற்ற வண்டிகளிலிருந்து வந்த பாகங்களுக்கும் இதே கேள்விதான் பொருந்தியது. ஆனால் அவற்றைக் கழற்றியவர் யாரென்று தெரியாது, கேட்க முடியாது. அளக்கத்தான் முடியும்.

சிலிண்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒட்டிப்போன பிஸ்டனை டீசல் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி வெளியே எடுத்துவிட்டோம். சிலிண்டர் சுவரில் துரு தின்ற குழிகள் ஆழமாக இருந்தன. சிலிண்டரை உள்ளே குடைந்து அகலப்படுத்துவதுதான் போரிங், அதற்கேற்ற பெரிய பிஸ்டனின் அளவு ஓவர்சைஸ்; எந்த ஓவர்சைஸுக்கு போரிங் போட்டாலும் குழி போகாது. ஆகவே வேறு சிலிண்டர் தேடினேன். பழைய சிலிண்டரை விரலால் தடவிப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு; விரல் பொய் சொல்லும். போர் கேஜ் வைத்து மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் அளக்கவேண்டும். மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். பிஸ்டன் முன்சுவரையும் பின்சுவரையும்தான் அழுத்தித் தள்ளும் என்பதால், வட்டம் அந்தத் திசையில் நீண்டிருக்கும். எனக்குக் கிடைத்த சிலிண்டர் அதுவரை ஒரு தடவைகூட போரிங் போடாதது. லேத்தில் 0.5 மி.மீ. ஓவர்சைஸுக்கு போரிங் போட்டு, குறுக்குக் கோடுகள் விழும்படி ஹோனிங் செய்து வாங்கினேன். பிஸ்டனும் ரிங்கும் புதியவை. ரிங் முனைகளுக்கு நடுவே ஒவ்வொரு அங்குல போருக்கும் 0.004 அங்குலம் இடைவெளி என்பது பழைய கணக்கு. 70 மி.மீ. போருக்கு அது சுமார் 0.28 மி.மீ. ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன்.

கிராங்க்கில் ஃப்ளைவீல்கள் பழையவை, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும், அதன் அடிமுனையான பிக் எண்டில் உட்காரும் பின்னும் புதியவை. ஃப்ளைவீல் கனத்த இரும்பு; பின் உட்காரும் துளை கெடாமல் இருந்தால் போதும். கனெக்டிங் ராடு அப்படி இல்லை. எத்தனை லட்சம் தடவை இழுபட்டது என்று வெளியே தெரியாது. பழைய ராடு ஒன்றைக் கையில் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டி, ஆட்டமே இல்லை என்று ஒருவர் காட்டினார். பக்கவாட்டில் அசைவு இருக்கலாம், மேல்கீழ் அசைவு துளியும் இருக்கக்கூடாது என்ற விதிப்படி அது தேறியது. இருந்தாலும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஓட்டத்தில் ராடு உடைந்தால் கிராங்க் கேஸைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அந்தக் கேஸில்தான் அப்பா வண்டியின் இன்ஜின் நம்பர் அடித்திருக்கிறது.

கேஸ் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துத்தான் பேரிங் துளைகளைக் குடைவார்கள். அதனால் ஒரு வண்டியின் இடப்பாதியையும் இன்னொரு வண்டியின் வலப்பாதியையும் சேர்த்தால், போல்ட்டு எல்லாம் பொருந்தும், ஆனால் இரண்டு பேரிங்கும் ஒரே கோட்டில் நிற்குமா என்பது சந்தேகம்தான். தனியாக ஒரு பாதி மட்டும் மலிவாகக் கிடைத்தால் விட்டுவிடுங்கள்.

பேரிங்குகளைப் பற்றி எழுதுவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. இத்தனை மாற்றங்களுக்கு நடுவில் உலகம் முழுக்க ஒரே மொழி பேசும் பொருள் அது. வெளிவளையத்தில் 6205 என்று பொறித்திருந்தால், உள்துளை 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்ததானாலும் அதுதான். 04-இலிருந்து மேலே கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் துளையின் அளவு வந்துவிடும். துரு பிடித்து உதவாமல் போன பேரிங்கையும் நான் தூக்கிப் போடுவதில்லை, நம்பரைப் படிக்கும் வரை. பழைய பேரிங்கை எடுத்துத் துடைத்து மறுபடி போடுவது மட்டும் கூடாது. கையில் சுற்றும்போது வழுக்கிக்கொண்டு சுற்றும், ஓட்டத்தில் சத்தம் கொடுக்கும். புது பேரிங்கை அலுமினியக் கேஸில் சுத்தியலால் அடித்து இறக்கவும் வேண்டாம். அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். கேஸை 100 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி, ஒரு சொட்டு தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று அடங்கவேண்டும்; அப்போது பேரிங்கை வைத்தால் தானாகவே உள்ளே போய் உட்காரும்.

டைமிங் பக்கத்தில், ஆயில் பம்பை ஓட்டும் புழுப்பல் நட்டு கிராங்க்கின் முனையில் இருக்கிறது. அது இடது மரை. அதைத் தொடுவதற்கு முன்பே அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "அது எதிர்ப்பக்கம் திருப்பணும், எதிர்ப்பக்கம்" என்று இரண்டு தடவை சொன்னார். சுத்தம் செய்து பார்த்தபோது அதன் பற்களில் குறை ஒன்றும் இல்லை. புல்லட்டில் பம்ப் இரண்டு. ஒன்று எண்ணெயை அனுப்பும், மற்றொன்று திருப்பி எடுக்கும். எண்ணெய்த் தொட்டி கேஸின் பின்பாதியிலேயே வார்க்கப்பட்டிருக்கும். நீண்ட நாள் நின்ற வண்டியில் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்கு வந்துவிடும். நின்ற வண்டியை முதன்முதலில் உதைப்பதற்கு முன் அடியிலிருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து அதை வடித்துவிட வேண்டும்.

பழைய பாகம், புதுப் பாகம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடவில்லை. கேமின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோவது டேப்பெட்; பளபளவென்று வந்த புது டேப்பெட் ஒன்றின் அடிப்பாகத்தில் அரத்தை மெல்ல வைத்து இழுத்தேன், அரம் கடித்தது. கேம் மேல் உரசி ஓடவேண்டிய பாகம் அது, மேற்பரப்பு கடினமாக இருந்தாகவேண்டும். கழற்றிப்போட்ட வண்டியிலிருந்து எடுத்த டேப்பெட்டில் அதே அரம் கண்ணாடியில் வைத்ததுபோல வழுக்கியது. தேய்மானமும் மயிரிழை அளவுதான். பழையதைப் போட்டேன். இதே சோதனையில், வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர், அதுவும் பழையது, ஒன்று தேறவில்லை. மேல்தோல் தேய்ந்து உள்ளே மெத்தென்ற இரும்பு வந்துவிட்டிருந்தது, பக்கத்திலேயே சின்னச் சின்னக் குழி. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பாகத்தின் வயதை வைத்து முடிவு செய்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவேன். அரம், மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ் மூன்றும் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

அளக்கவே வேண்டாம், பழையதைத் தொடவே வேண்டாம் என்று சிலவும் இருக்கின்றன. ஆயில் சீல், பிரேக் ஷூ, கண்ட்ரோல் கேபிள்கள், டயர், டியூப், பெட்ரோல் குழாய், பின் ஹப்பில் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் கட்டைகள், கண்டென்சர், வயரிங். பழைய டிரம்மைத் திறக்கும்போது இன்னொரு கவனம் தேவை. அந்தக் காலத்து பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது உண்டு. தூசியை வாயாலோ ஏர் வைத்தோ ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட வேண்டும். இதை எந்த மெக்கானிக்கும் எனக்குச் சொல்லவில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பழைய வண்டியில் கைவைக்கும் எல்லோருக்கும் தெரியவேண்டிய விஷயம்.

முன் சக்கரத்துக்கு ஒரு வண்டியின் ஹப்பும் இன்னொரு வண்டியின் 19 இஞ்ச் ரிம்மும் கிடைத்தன. ஸ்போக்ஸ் புதிதாகக் கோத்து பெண்டு எடுத்தோம். அதில் சொல்லும்படியாக வேறொன்றும் இல்லை.

டேங்க்கைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. உள்ளே பழைய பெட்ரோல் பிசினாகி, அதன்மேல் துரு. டேங்க்கை மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். வலது பக்கத்தில் அப்பாவின் முழங்கால் பட்டுப் பட்டு பெயிண்ட் போய் இரும்பு மின்னும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்காகவே டேங்க்கை விடமாட்டேன் என்றேன். இந்தத் தடவை அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாஷிங் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, நடுவில் டேங்க்கைத் தொடாதபடி ஒரு இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, கம்பிக்கு பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ், டேங்க்குக்கு நெகட்டிவ் கொடுத்தால், துரு இளகி உதிரும். பெட்ரோல் வாடை முழுதாகப் போகும்வரை கழுவிய பிறகே இதைத் தொடங்கவேண்டும். கம்பி சாதாரண இரும்பாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் அதிலிருந்து குரோமியத்தின் நச்சுச் சேர்மம் தண்ணீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்யவேண்டும், பக்கத்தில் தீப்பொறி கூடாது. கம்பியில் துரு அப்பும். அதை அவ்வப்போது எடுத்துச் சுரண்டிவிட்டு மறுபடி தொங்கவிடவேண்டும். பொறுமையாக விட்டுவைத்தால் உள்சுவர் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். உடனே காயவைத்து எண்ணெய் படரவிடாவிட்டால் கண்ணெதிரே மறுபடி துரு பிடிக்கும்.

பெயிண்ட் விஷயத்தில் சமரசம் செய்துகொண்டோம். சேசிஸையும் மட்கார்டுகளையும் சுத்தமாகச் சுரண்டி கறுப்பு அடித்தேன். டேங்க்கின் பழைய பெயிண்ட்டை பாலிஷ் மட்டும் போட்டு, இரும்பு தெரியும் இடத்தில் கிளியர் கோட்டிங் கொடுத்தேன். ஐஸ் பெட்டி ஸ்டாண்டு? அது இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை, அவருக்கும் இல்லை. வெல்டு ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட விரிசல் இல்லை.

இனி இக்னிஷன். பாயிண்ட் (திறந்து மூடி, பிளக்கில் பொறி வரும் நேரத்தை முடிவு செய்யும் சுவிட்ச்), காயில் வைத்த பழைய ஏற்பாட்டையே வைத்துக்கொண்டேன். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினால் பராமரிப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் இதை அப்பாவுக்குத் தெரியும், எனக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். பாயிண்ட் இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மி.மீ. டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கவேண்டும், அட்வான்ஸ் எடை முழுக்க உள்ளே இருக்கும் நிலையில். பிளக் துளை வழியாக ஒரு கம்பியை விட்டு உச்சியைக் கண்டுபிடித்து, வெர்னியரில் 0.8 எடுத்து, பாயிண்ட்டுக்குக் குறுக்கே சின்ன பல்பு ஒன்றை இணைத்துப் பார்த்தேன். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு அணைந்திருக்கும், திறக்கும் நொடியில் எரியும். பல்பைக் கண்டதும் அப்பாவுக்கு ஆச்சரியம். அவர் காலத்தில் சிகரெட் பேப்பரைப் பாயிண்ட்டுக்கு நடுவில் வைத்து, அது எப்போது நழுவுகிறது என்று பார்ப்பார்களாம். அவர் முறையிலும் செய்து பார்த்தோம். இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டின.

டேப்பெட்டிலிருந்து ராக்கருக்குப் போகும் கம்பியான புஷ் ராடை அட்ஜஸ்ட் செய்யும் வேலை மட்டும் என் கைக்கு வர நேரமெடுத்தது. இன்ஜின் குளிர்ந்திருக்கவேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கவேண்டும். ராடு விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழலவேண்டும், மேலும் கீழும் துளியும் ஆடக்கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடும். "இறுக்கினதுக்கு அப்புறம் மறுபடி சுத்திப் பாரு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் நடுங்கும் கையையே நீட்டி, ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றிப் பார்த்து, "ம், போதும்" என்றார். நடுக்கம் இருந்தாலும் விரல் நுனிக்கு அளவு தெரிந்திருந்தது.

ஸ்டார்ட் செய்யும் அன்று நான் கிக்கரில் கால் வைப்பதற்கு முன் மறுபடி பாடம் நடந்தது. சாவி போட்டு, ஆம்பியர் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார். கிக்கரை மெதுவாக அழுத்து. பாயிண்ட் திறக்கும்போது முள் நடுவுக்கு வரும். அங்கே, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரசரைப் பிடித்து, பிஸ்டனைக் கொஞ்சம் உச்சி தாண்டவிடு. டிகம்ப்ரசரை விடு. கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையையும் போட்டு ஒரே மிதி. பலம் தேவையில்லை, உச்சியைத் தாண்டியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். நான் உயரம் குறைவு, எடையும் குறைவு. புல்லட்டை உதைக்கப் பெண்ணால் ஆகுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் இந்த முள்ளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கொஞ்ச நேரம் உதைத்த பிறகு பிடித்துக்கொண்டது. உடனே ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தேன். கசிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. பம்ப் இழுக்காமல் ஒரு சில நிமிஷம் ஓடினாலே பிக் எண்ட் போய்விடும், அத்தனை வேலையும் அதோடு போய்விடும். சூடாகும்வரை ஓடவிட்டு, அணைத்து, முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கினேன்.

அப்புறம் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று. வலது காலில் கியர், மேலே ஒன்று, கீழே மூன்று. இடது காலில் பிரேக். வேறு வண்டி ஓட்டிப் பழகிய காலுக்கு இது எல்லாமே தலைகீழ். அப்பா பேசவே இல்லை. திரும்பி வந்து இறங்கியதும், எனக்குப் பாராட்டு வரும் என்று நினைத்தேன்.

"ரெண்டாவது கியர் நழுவுது, கவனிச்சியா? ஆக்சிலேட்டர விடும்போது நியூட்ரலுக்கு வருது."

"கவனிச்சேன்பா."

"அது அப்பவே தேஞ்சது. நான் பாதத்தால லீவர அழுத்திப் பிடிச்சுட்டே ஓட்டுவேன். அதையும் மாத்திடு."

ஆக, செய்யாமல் விட்ட வேலைகளின் பட்டியலில் அது இன்னும் பாக்கி. கழற்றிய வண்டிகளிலிருந்து வந்த நான்கு ஸ்பீடு கியர்பாக்ஸ் இரண்டு என்னிடம் இருக்கின்றன. இரண்டாவது கியரின் பக்கவாட்டில் பூட்டிக்கொள்ளும் நாய்ப்பற்களின் மூலைகள் ஒன்றில் மழுங்கிப்போயிருக்கின்றன, மற்றதில் கூராக இருக்கின்றன. கூராக இருப்பதை அப்பா வண்டியின் கியரோடு பல் எண்ணிக்கையும் அகலமும் ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது, ஒன்றாகத்தான் இருக்கிறது. கியரை நகர்த்தும் ஃபோர்க்கின் முனை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். புது பிஸ்டன் ஓடிப் பழகும் ரன்னிங்-இன் முடியட்டும் என்று காத்திருக்கிறேன். அதுவரை வண்டியை நிதானமாகத்தான் ஓட்டுகிறேன், முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றினேன், ஃபெல்ட் ஃபில்டரில் படிந்த இரும்புத்தூளை வெள்ளைத் துணியில் தட்டி அப்பாவிடம் காட்டினேன். இவ்வளவு வரும், பயப்படாதே என்றார். கியர்பாக்ஸைத் திறக்கும் நாளுக்கு நாற்காலியை எங்கே போடவேண்டும் என்பதை அவர் முடிவு செய்துவிட்டார்: வலது பக்கம், அவுட்டர் கவர் கண்ணுக்கு நேராகத் தெரியும் இடத்தில்.